நள்ளிரவுக் காட்சி: திரைப்பட விழாவில் பேய்ப்படம் பார்ப்பதும் எழுதுவதும்

அத்தியாயம் 7

வன்னியம்பட்டி விலக்கில் நின்று கை காட்டினால் ஒரு பக்கம் போகிற பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும். எதிர்ப்பக்கம் போகிறது ராஜபாளையம் வந்து, சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசி, செங்கோட்டை என்று மலையடிவாரத்துக்குப் போய்ச் சேரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது இரண்டாவது பஸ்.

ஒவ்வொரு டிசம்பரிலும் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் நள்ளிரவுக் காட்சி என்று ஒன்று உண்டு. அநேகமாக அது பேய்ப்படமாகத்தான் இருக்கும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஆளுக்கு, வெளிநாட்டுப் பேய்ப்படத்தைப் பெரிய திரையில், பெருங்கூட்டத்தோடு பார்க்கக் கிடைக்கிற பக்கத்து இடம் அதுதான். அங்கே போய்ப் பார்ப்பது எப்படி, பார்த்ததைப் பத்திரிகைக்கு எழுதுவது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். ‘பயந்துவிட்டேன்’ என்பது செய்தி. எந்த இடத்தில், எதைக் கண்டு, எப்படிச் செய்ததால் பயந்தேன் என்று சொன்னால்தான் அது விமர்சனம். கீழே வருகிற யோசனைகள் எல்லாம் இந்த மூன்று கேள்விக்கும் பதில் கொண்டுவருவதற்காக.

எந்த விழா?

பேய்ப்படத்துக்கும் மாயப்படத்துக்கும் என்றே தனி விழாக்கள் வெளிநாடுகளில் நிறைய. ஸ்பெயினில் கடலோர ஊரான சிட்ஜஸில் 1968 முதல் நடக்கிறது. இந்த வகைக்கு அதுதான் பெரிய வீடு. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் விழா 1983இல் தொடங்கியது. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து ஃபேன்டேசியா 1996இலும், தென்கொரியாவில் புச்சான் விழா 1997இலும், லண்டனில் ஃப்ரைட்ஃபெஸ்ட் 2000இலும் தொடங்கின. டொரன்டோ பொது விழாதான். ஆனால் 1988 முதல் ‘மிட்நைட் மேட்னஸ்’ என்ற பெயரில் நள்ளிரவுப் படங்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விழாக் கையேட்டில் ஒரு படத்தின் கீழே ‘சிட்ஜஸில் திரையிடப்பட்டது’ என்று இருந்தால் அது எந்தப் பந்தியில் உட்கார்ந்து வந்த படம் என்று புரியும்.

நம் நாட்டில் பொது விழாக்களுக்குள்தான் பேய்ப்படத்தைத் தேட வேண்டும். கோவாவில் நவம்பரில் நடக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழா 2025இல் ‘மக்காபர் ட்ரீம்ஸ்’ என்று ஒரு பிரிவு வைத்தது. மும்பை மாமி விழாவில் ‘ஆஃப்டர் டார்க்’ என்ற பிரிவு இருந்திருக்கிறது. சென்னையில் டிசம்பரில் விழா நடத்துவது இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன். அங்கே பேய்ப்படம் தனிப் பிரிவாக வராது. உலக சினிமா அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும்.

திருவனந்தபுரத்துக்கு முதலிடம் கொடுப்பதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. கேரள மாநில சலச்சித்ர அகாடமி நடத்தும் அந்த விழாவில், கனகக்குன்று வளாகத்து நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் நள்ளிரவுக் காட்சி போடுவார்கள். 2022இல் இந்தோனேசிய இயக்குநர் ஜோகோ அன்வரின் ‘சாத்தான்ஸ் ஸ்லேவ்ஸ் 2: கம்யூனியன்’ அங்கே ஓடியது. 2023 ஆகஸ்ட்டில் வில்லியம் ஃபிரைட்கின் இறந்தார். அந்த டிசம்பரில் அஞ்சலியாக அவருடைய ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தை அங்கே நள்ளிரவில் போட்டார்கள். ஒரு வருடம் புதுப்படம், மறுவருடம் ஐம்பது வயதுப் படம். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிப் பழகுகிறவருக்கு வேறு பள்ளிக்கூடம் வேண்டாம்.

பயணமும் பதிவும்

ரயிலில் போவதென்றால் சென்னை எழும்பூர்–கொல்லம் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் நிற்கும். செங்கோட்டை, புனலூர் வழியாக மலையைக் கடந்து கொல்லம் போய்ச் சேரும். கொல்லத்தில் இறங்கினால் திருவனந்தபுரத்துக்கு அடிக்கடி வண்டி உண்டு. பஸ் என்றால் தென்காசி போய், அங்கிருந்து கேரள அரசு பஸ்ஸைப் பிடிக்கலாம். டிசம்பர் சபரிமலை சீசன் என்பதை மறந்துவிடாதீர்கள். செங்கோட்டைப் பாதை முழுக்க ஐயப்ப பக்தர்கள் கூட்டம். திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவையுங்கள்.

டெலிகேட் பதிவு ஆன்லைனில், பெரும்பாலும் நவம்பரில் திறக்கும். 2023இல் வரி சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 1180 ரூபாய், மாணவர்களுக்கு 590 ரூபாய். கல்லூரி அடையாள அட்டை இருக்கிறவர்கள் அதை விடாதீர்கள். பதிவு செய்தால் போதாது, ஒவ்வொரு காட்சிக்கும் முந்தைய நாளே இடம் ரிசர்வ் செய்ய வேண்டும். பேர்போன படம் என்றால் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். கிடைக்காதவர்கள் ரிசர்வ் இல்லாத வரிசையில் நிற்கலாம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் நம்பிக்கை உண்டு.

விழாவில் காட்டும் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்காது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்குக் கொடுத்துத்தான் அவை திரைக்கு வருகின்றன. தியேட்டரில் பார்க்கிற அதே படத்தை விட இங்கே ரத்தமும் நிர்வாணமும் அதிகமாக இருக்கலாம். பொதுவாக 18 வயது நிரம்பியவர்களுக்கே பாஸ் தருவதும் இதனால்தான். அந்த விலக்கு தாமதமானால் காட்சி நின்றுபோகும். 2025 விழாவில் 19 படங்களுக்கு அப்படிச் சிக்கல் வந்து அட்டவணை கலைந்தது. ஆகவே எந்த நேரத்துக்கும் இரண்டாவது தேர்வு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

நள்ளிரவுக் காட்சி முடிய இரண்டு மணியாகிவிடும். கனகக்குன்றிலிருந்து, ரயில் நிலையமும் பஸ் நிலையமும் இருக்கும் தம்பானூர் மூன்று நான்கு கிலோமீட்டர். அந்த நேரத்தில் ஆட்டோ கேட்கிற தொகையை நான்கு பேராகப் பகிர்ந்துகொள்வதே நல்லது. பெண்கள், முதல் தடவை போகிறவர்கள், வரிசையில் நிற்கும்போதே திரும்புகிற வழிக்குத் துணையைப் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு டப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வரிசையில் திறந்துவைத்தால் சிநேகம் பிடிக்க அரை நிமிடம் ஆகாது.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

விழாவில் ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து படம் பார்க்கிறவர்கள் உண்டு. பேய்ப்படம் எழுதப் போகிறவர் அப்படிச் செய்யக் கூடாது. பயம் மரத்துப்போகும். ஒரே நாளில் மூன்றாவதாகப் பார்க்கும் பேய்ப்படம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களை அசைக்காது; குறை உங்களிடம் இருக்க, பழி படத்தின் மேல் விழும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பேய்ப்படம். அதற்கு முன்னால் அமைதியான படம் எதையாவது பாருங்கள். ஆவணப்படமாக இருந்தால் இன்னும் நல்லது. நள்ளிரவுக் காட்சி உள்ள நாளில் மத்தியானம் தூங்கியே ஆக வேண்டும்.

கையேட்டில் கதைச்சுருக்கத்தை முதல் இரண்டு வரிக்கு மேல் படிக்காதீர்கள். இயக்குநர், நாடு, ஆண்டு, நீளம், இதற்கு முன் எந்த விழாவில் ஓடியது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும். பழைய படம் என்றால் எந்தப் பிரதி என்றும் கேளுங்கள். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ 1973இல் வந்தது ஒன்று. 2000இல் காட்சிகள் சேர்த்து வெளியிட்டது இன்னொன்று. சிறுமி உடம்பை வளைத்துச் சிலந்திபோல் படியிறங்கும் காட்சி இரண்டாவதில்தான் வரும். எதைப் பார்த்தோம் என்று தெரியாமல் எழுதினால் வாசகர் நம்மைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார்.

அரங்குக்குள்

எங்கே உட்கார்வது என்பது பேய்ப்படத்துக்கு முக்கியம். முன் வரிசையில் படம் முழுதும் கண்ணுக்குள் அடங்காது. பேய் வருவது பெரும்பாலும் ஓரத்தில். கடைசி வரிசையில் கூட்டத்தின் சத்தம் படத்தின் சத்தத்தை விழுங்கும். நடு வரிசையில், நடுவில் இடம் பிடியுங்கள்.

சப்டைட்டில் இருக்கும் படத்தில் இன்னொரு சங்கடம். கண் கீழே எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது மேலே, பின்னணியில், கதவிடுக்கில் ஏதோ நகர்ந்து போயிருக்கும். பக்கத்து ஆள் அலறிய பிறகு நிமிர்ந்து என்ன பயன்? வசனத்தை ஒரே பார்வையில் அள்ளிக்கொண்டு கண்ணை மேலே கொண்டுபோய்விட வேண்டும். பாதி புரிந்தாலும் பரவாயில்லை. பேய்ப்படத்தில் காது கேட்பதும் கண் தேடுவதும்தான் கதை.

விழாக் காட்சிகளில் பெரும்பாலும் இடைவேளை கிடையாது. நம் ஊர்ப் பேய்ப்படங்கள் இடைவேளைக்கு ஒரு பெரிய அதிர்ச்சியை வைத்து, டீயும் முறுக்கும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பயத்தைக் கட்டும். இடைவேளை இல்லாத படம் மெல்ல ஏறும், ஏறியது இறங்காது. ‘முதல் பாதி, இரண்டாம் பாதி’ என்று பிரித்து எழுதும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

நிசாகந்தி திறந்தவெளி. இருட்டு முழு இருட்டாக இராது; டிசம்பர்க் காற்று வரும்; நகரத்துச் சத்தம் கேட்கும். மெல்லிய ஓசைகளை நம்பி எடுத்த படம் அங்கே பலமிழக்கும், கூட்டத்தை நம்பி எடுத்த படம் அங்கே கொடிகட்டும். விமர்சனத்தில் படத்தை எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கூட்டம் சிரிக்கும், ஊளையிடும், பேயைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். சிரிப்பில் இரண்டு உண்டு. பயத்தை மறைக்க வருகிற சிரிப்பு, படம் உடைந்துபோனதால் வருகிற சிரிப்பு. முதலாவது அதிர்ச்சிக்குப் பிறகு வந்து சட்டென்று அடங்கும். இரண்டாவது அதிர்ச்சிக்கு முன்பே தொடங்கி நீளும். எது எங்கே எழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

செல்போனைத் தொடவே கூடாது. பத்து விநாடி ‘ஸ்டேட்டஸ்’ வைக்கப் படம் பிடித்தாலும் அது திருட்டுப் பதிவுதான். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி குறைந்தது மூன்று மாதம் சிறை, மூன்று லட்சம் ரூபாய் அபராதம். மூன்று ஆண்டுச் சிறை வரைக்கும் போகலாம்.

நோட்டுப் புத்தகம்

சின்ன நோட்டு, பென்சில். பேனா இருட்டில் எழுதுகிறதா என்று தெரியாது. ஒரு பக்கத்துக்கு நான்கே வரி, பெரிய எழுத்தில். எழுதும்போது கண் திரையில்தான் இருக்க வேண்டும். உடம்பில் நடந்ததை மட்டும் குறியுங்கள்: மூச்சு நின்றது, தோள் உயர்ந்தது, கண்ணை மூடினேன், சிரித்தேன். பக்கத்தில் திரையில் இருந்ததை ஓரிரு சொல்லில் எழுதுங்கள். அபிப்பிராயம் வேண்டாம். அதற்கு மறுநாள் காலை இருக்கிறது.

எப்படி என்று ஒரு பழைய படத்தை வைத்துக் காட்டலாம். 1942இல் வால் லூட்டன் தயாரிக்க, ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’. கோபம் வந்தால் சிறுத்தையாக மாறிவிடுவோமோ என்று அஞ்சும் ஒரு பெண்; அவள் கணவனோடு பழகும் இன்னொரு பெண். இரவில் பூங்காவின் மதிலை ஒட்டி இரண்டாமவள் வீட்டுக்கு நடக்கிறாள். முதலாமவள் பின்னால் வருகிறாள். இந்தக் காட்சிக்கு நோட்டில் இவ்வளவுதான் இருக்க வேண்டும்:

மதில். தெருவிளக்கு, இருட்டு, விளக்கு, இருட்டு.
இரண்டு செருப்புச் சத்தம். இசை இல்லை.
ஒன்று நின்றுவிட்டது. மூச்சு நின்றது.
சீறல்! பஸ். தோள் தூக்கியது. சிரித்தேன்.

மறுநாள் இந்த நான்கு வரியிலிருந்து விமர்சனத்துக்கான பத்தி எழும்: ‘பாட்டில்லை, பின்னணி இசையில்லை. இரண்டு பெண்களின் குதிகால் ஓசை மட்டும். விளக்கு வெளிச்சம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பின்னால் வந்த நடை கேட்காமல் போகிறது. இவள் திரும்பிப் பார்க்கிறாள், வெறும் தெரு. வேகம் கூட்டுகிறாள். திரைக்கு வெளியிலிருந்து மிருகம் சீறுவதுபோல ஒரு பிரேக் சத்தம் பாய்கிறது. வந்து நிற்பது பஸ். அவள் ஏறித் தப்பித்துவிடுகிறாள். அடுத்து ஈர மண்ணில் மிருகத்தின் காலடித் தடங்கள், போகப் போகப் பெண்ணின் செருப்புத் தடங்களாக மாறுகின்றன. சிறுத்தையை நாம் பார்க்கவே இல்லை.’ பயம் எங்கே பிறந்தது? பஸ்ஸில் அல்ல, ஒரு நடை நின்றுபோன அமைதியில். பேய்ப்பட உலகத்தில் இந்தவகைப் பொய்த் திடுக்கிடலுக்கு இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர். இன்றைக்கு வரும் படங்களில் பூனை பாய்வது, நண்பன் தோளைத் தட்டுவது எல்லாம் அந்த பஸ்ஸின் வாரிசுகள்.

எதற்குப் பயந்தோம்?

பயத்தை வகைபிரிக்க நமக்கு வெளிநாட்டுப் பாடப்புத்தகம் தேவையில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமும் பேயும் முதலாவதில். கொடிய மிருகம் இரண்டாவதில். தீங்கு செய்ய வரும் மனிதர் மூன்றாவதில். நம்மை ஆளுகிறவர் நான்காவதில். இதைக் கையில் வைத்துக்கொண்டு படங்களைப் பாருங்கள். அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019), வீட்டைச் சுற்றிவளைக்கும் முகமூடிக் கொலைகாரர்களால் கள்வர் அச்சம். அதற்குள் அணங்கும் ஒரு கையிருப்பு. ‘கேட் பீப்பிள்’ விலங்கும் அணங்கும் சேர்ந்தது. ராகுல் சதாசிவனின் மலையாளப் படம் ‘பிரமயுகம்’ (2024) கறுப்பு வெள்ளையில் எடுத்தது. பதினேழாம் நூற்றாண்டில் பாழடைந்த மனையில் மம்மூட்டி நடிக்கும் பெரியவர். அவரிடம் அகப்பட்டுக்கொள்ளும் பாடகன். மேலுக்கு அது சாத்தான் கதை; அடியில் சாதியும் அதிகாரமும். அணங்கு வேடத்தில் வந்த ‘இறை’ அது.

‘சாத்தான்ஸ் ஸ்லேவ்ஸ் 2’ நடப்பது 1984இல். கடலோரத்தில், வெள்ளம் சூழும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்தக் காலத்தில் இந்தோனேசியாவில் குற்றவாளிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை அரசாங்கத்தின் ஆட்களே மர்மமாகச் சுட்டுக்கொன்று தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள். துணியால் மூடிக் கட்டிய பிணப் பேய் அந்நாட்டு நம்பிக்கை. ஆனால் ஆண்டைத் திரையில் காட்டியதும் அந்நாட்டு ஆளுக்குப் பேயோடு அரசாங்கமும் நினைவுக்கு வரும். வெளிநாட்டுப் பேய்ப்படத்தில் ஆண்டு எண் தெரிந்தால் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் அப்போது என்ன நடந்தது என்று மறுநாள் தேடுங்கள். பாதி விமர்சனம் அங்கே கிடைக்கும்.

அச்சத்தில் சேராத படங்களும் நள்ளிரவுக் காட்சிக்கு வரும். கொராலி ஃபார்ஷாவின் ‘தி சப்ஸ்டன்ஸ்’ 2024இல் கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருது வாங்கியது. அதே டிசம்பரில் திருவனந்தபுரத்திலும் ஓடியது. வயதாகிவிட்டது என்று தொலைக்காட்சி தள்ளிவைக்கும் நடிகை, இளமை தரும் ஊசியைப் போட்டுக்கொள்கிறாள். அதைப் பார்த்து நாம் அலறுவதில்லை, முகத்தைச் சுளிக்கிறோம். தொல்காப்பியத்தில் அதற்கும் இடம் உண்டு. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கிலிருந்தும் பிறப்பது இளிவரல். மூப்பிலிருந்து பிறந்த இளிவரல் என்று ஒரு வரி எழுதினால் ‘அருவருப்பின் உச்சம்’ என்று மூன்று பத்தி எழுத வேண்டியதில்லை.

பேய் யார்? எந்த ஊர்?

தெற்கத்திச் சீமைக்காரருக்கு இங்கே கைவசம் ஒரு முதல் இருக்கிறது. கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டவருக்கு, சுடலைமாடன் நள்ளிரவில் வேட்டைக்குப் போவதைத் திண்ணையில் ஒதுங்கி நின்று பார்த்தவருக்கு, பேய் என்றால் யாரோ அல்ல என்று தெரியும். நீலி கதையில் பேயாக வருகிறவள் அநியாயமாகக் கொல்லப்பட்டவள். நம் வட்டாரத்தில் பல தெய்வங்களுக்கு முன்கதை இதுதான்: செத்தவிதம் சரியில்லை, கேட்க ஆளில்லை, ஆகவே திரும்பி வந்தார்கள். ஒரு படத்தில் பேயைப் பார்த்ததும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: இதற்கு என்ன வழக்கு? யார் மேல்? கடைசியில் வழக்கு தீர்ந்ததா, பேயை மட்டும் விரட்டிவிட்டார்களா? வழக்கைக் கேட்காமல் பேயை விரட்டும் படம் எவ்வளவு நன்றாக எடுத்திருந்தாலும் உள்ளே ஏதோ இடிக்கும். ஏன் இடிக்கிறது என்று எழுத உங்களுக்கு இருக்கும் உரிமை பாரீஸ் விமர்சகருக்குக் கிடையாது.

எந்த ஊர்ப் பேய் என்பதும் அதே அளவு பேசும். 1993இல் ஃபாசில் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் கேரளத்து வீட்டுக்குள் அடைபட்ட நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுவாள். அதைத் தழுவிய கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் (2004) நம் ‘சந்திரமுகி’யிலும் (2005) அவள் தெலுங்கு பேசுகிறாள். இந்தியில் ‘பூல் புலையா’ (2007) வந்தபோது வங்காளம். ஒரே கதை, நான்கு மொழி. ஒவ்வொன்றிலும் பேய் பக்கத்து மொழிக்காரி. பயம் என்பது அடுத்த வீட்டாரைப் பற்றிய சங்கதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். விழாவில் பார்க்கும் தாய்லாந்துப் படத்திலும் மெக்சிகோப் படத்திலும் பேய் எந்த மொழியில் முனகுகிறது, எந்தச் சாமியைப் பார்த்து ஓடுகிறது என்று கவனியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாமியாடுதலையும் மனநோயையும் ஒரே கூடையில் போட்டு எழுதாதீர்கள். இரண்டையும் கேலி செய்யவும் வேண்டாம். படம் கேலி செய்தால் அதைச் சொல்லலாம். நீங்கள் சேர்ந்துகொள்ள வேண்டியதில்லை.

எழுதுவது

நள்ளிரவில் பார்த்த படத்தைப் பற்றி நள்ளிரவிலேயே எழுதாதீர்கள். தூங்கி எழுந்ததும் எது மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். திடுக்கிடல்கள் போயிருக்கும், ஒரு முகமோ, ஒரு ஓசையோ, ஒரு கதவோ நின்றிருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

பத்திரிகைக்கு 500 சொல் போதும். வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம்:

1. தலைவிவரம்: படத்தின் பெயர், இயக்குநர், நாடு, மொழி, ஆண்டு, நீளம், பார்த்த அரங்கு. வெளிநாட்டுப் பெயர்களை அந்நாட்டு உச்சரிப்பில் கேட்டு எழுதுங்கள். தமிழில் அந்தப் படத்துக்கு உங்களுடையதே முதல் விமர்சனமாக இருக்கலாம். நீங்கள் எழுதியதே நிலைத்துவிடும்.

2. காலையில் மிஞ்சிய ஒரு காட்சி, திரையில் உள்ளபடி.

3. கதை: மூன்றே வாக்கியம்.

4. அந்தக் காட்சி எப்படிச் செய்யப்பட்டது: ஓசை, வெளிச்சம், நேரம். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ சிறந்த ஒலிக்கு ஆஸ்கர் வாங்கிய படம். பேய் பேசும் குரலைக் கொடுத்தவர் மெர்சடீஸ் மெக்கேம்ப்ரிட்ஜ் என்ற நடிகை. இப்படி ஒரு தகவல் பத்துப் பெயரடைக்குச் சமம்.

5. அச்சத்தின் இடம்: நான்கில் எது? வழக்கு என்ன?

6. எங்கே தளர்ந்தது, ஏன். கூட்டம் எங்கே விலகியது.

7. யார் பார்க்கலாம், யார் வேண்டாம். மின்னி மின்னி அடிக்கும் வெளிச்சம், குழந்தைக்கு நேரும் கொடுமை, பாலியல் வன்முறை இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அது படத்துக்குக் கெடுதல் அல்ல.

சொல்லும் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். ‘இருக்கை நுனிக்கு வரவைக்கிறது’, ‘மிரட்டியிருக்கிறார்’, ‘ஒளிப்பதிவு படத்துக்குப் பெரிய பலம்’, ‘எடிட்டர் கத்திரியைக் கொஞ்சம் கூடப் பிடித்திருக்கலாம்’ என்ற நான்கும் எந்தப் படத்துக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் படத்தையும் சொல்லாது. நோட்டில் அடித்துவிடுங்கள். ‘பின்னணி இசை பயமுறுத்துகிறது’ என்று எழுதத் தோன்றினால், இசை எங்கே நின்றது என்று எழுதுங்கள். பேய்ப்படத்தில் இசை நிற்கும் இடம்தான் பெரும்பாலும் பேச வேண்டிய இடம்.

கதையை எவ்வளவு சொல்லலாம்? படத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம். அதற்குப் பிறகு நடப்பதில் ஒரு காட்சியைத் தேவைக்கு எடுக்கலாம். முடிவைத் தொடக் கூடாது. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) போன்ற படத்தில் பேய் ஏன் வந்தது என்பதே முடிச்சு; அதை அவிழ்க்காமலே பேய் ஏன் பயமுறுத்துவதற்குப் பதில் காப்பாற்றுகிறது என்று பேச முடியும். இயக்குநர் காட்சிக்குப் பிறகு மேடைக்கு வந்தால் ‘முடிவுக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்காதீர்கள். ஓசையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அவர் எங்கும் சொல்லாத ஒன்று கிடைக்கலாம்.

நட்சத்திரம், மதிப்பெண் கொடுப்பது பத்திரிகையின் வழக்கம் என்றால் கொடுங்கள். உங்கள் விருப்பத்துக்கு விட்டால் வேண்டாம். பயந்தது எத்தனை மதிப்பெண் என்று யாரும் கணக்குப் போட முடியாது.

விழாவுக்கு முன் வீட்டுப் பயிற்சி

டிசம்பருக்குள் மூன்று வேலை செய்துவிடுங்கள்.

‘மணிச்சித்திரத்தாழ்’, ‘சந்திரமுகி’ இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள். நாயகி அறைக்குள் முதல்முதலாகப் போகும் காட்சியை இரண்டிலும் எடுத்துக்கொண்டு, எத்தனை ஷாட், எங்கே இசை, யார் முகம் முதலில் என்று வரிசையாக எழுதுங்கள். ஒன்று ஏன் மெதுவாக நடக்கிறது, மற்றது எதற்காக அவசரப்படுகிறது என்று ஐந்து வரியில் பதில் எழுதுங்கள்.

அடுத்து, ராஜபாளையத்தில் ஓடும் எந்தப் பேய்ப்படத்துக்காவது இரவுக் காட்சிக்குப் போங்கள். மட்டமான படமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேளுங்கள். அடுத்த காட்சியில் காதைப் பொத்திக்கொண்டு பாருங்கள். எதில் பயம் தங்குகிறது என்று குறியுங்கள். பெரும்பாலும் காதில்தான்.

மூன்றாவதாக, உங்கள் ஊரில் சொல்லும் பேய்க்கதை ஒன்றை வயதான ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். பேயை எந்த இடத்தில் முதலில் வரவிடுகிறார், எங்கே நிறுத்தி வெற்றிலையை மடிக்கிறார் என்று பாருங்கள். அந்த நிறுத்தம் எத்தனை விநாடி என்று மனத்துக்குள் எண்ணுங்கள். விழாவில் முதல் நள்ளிரவுப் படத்தைப் பார்க்கும்போது இயக்குநர் எங்கே நிறுத்துகிறார் என்பது தானாகவே தட்டுப்படும். உங்கள் விமர்சனத்தின் நான்காவது பத்தி அங்கிருந்து தொடங்கட்டும்.